மின்வழி வெப்பநிலை உணர்கருவிகளும் அவற்றின் அளவுத்திருத்தமும்

வெப்பநிலையை அளப்பது எளிய செயல் எனப் பலரும் கருதுவர். கருவியைப் பொருளில் வைத்து, அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும் என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண் எவ்வாறு கிடைத்தது, அதனை எந்த அளவுக்கு நம்பலாம் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. இவ்வினாக்களுக்கு விடை காணாது எழுதிவைக்கும் எண், அளவீடு என்னும் பெயருக்கு உரியதன்று.

ஒரு சுகாதார நிலையத்தில் தடுப்பு மருந்துகளை வைத்திருக்கும் குளிர்பதனப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அம்மருந்துகளை 2 டிகிரி முதல் 8 டிகிரி வரையுள்ள வெப்பநிலையில் வைத்தல் வேண்டும். வெப்பம் மிகுந்தால் மருந்து கெடும் என்பதை யாவரும் அறிவர். குளிர் மிகுந்தாலும் கெடும் என்பதைச் சிலரே அறிவர். ஹெபடைட்டிஸ்-பி தடுப்பு மருந்தும், தொண்டை அடைப்பான், கக்குவான், இசிவு ஆகியவற்றுக்கான முத்தடுப்பு மருந்தும் அலுமினிய உப்புகளைக் கொண்டவை. உறைந்துபோனால் அவ்வுப்புத் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு, மருந்தின் ஆற்றல் குன்றிவிடும். பின்னர் உருகவைத்தாலும் இழந்த ஆற்றல் மீளாது. பெட்டியின் முகப்பு 2 டிகிரி எனக் காட்ட, உள்ளே உண்மை வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இருக்குமாயின், தடுப்பாற்றல் அற்ற மருந்து குழந்தைக்குச் செலுத்தப்படும். பிழை செய்தது பெட்டியன்று. அளவுத்திருத்தம் செய்யப்படாத உணர்கருவியே ஆகும்.

மின்வழி உணர்கருவிகளின் இயல்பையும், அவற்றை ஓர் எளிய ஆய்வுக்கூடத்தில் அளவுத்திருத்தம் செய்யும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம். டிகிரி என வருமிடமெல்லாம் செல்சியஸ் டிகிரியையே குறிக்கும்.

1. உணர்கருவி உணர்வது யாது?

எந்த மின் உணர்கருவியும் வெப்பநிலையை நேராகக் காட்டுவதில்லை. ஒன்று தன் மின்தடையை மாற்றிக்கொள்கிறது; மற்றொன்று சிறு மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. நாம் அளப்பது ஓம்களையும் வோல்ட்டுகளையுமே. இன்ன ஓமுக்கு இன்ன டிகிரி என்னும் தொடர்பை அறிந்த பின்னரே அந்த எண் வெப்பநிலையாகிறது. அத்தொடர்பை, ஐயமற அறிந்த வெப்பநிலைகளோடு ஒப்பிட்டு நிலைநாட்டுவதே அளவுத்திருத்தம் ஆகும்.

இச்சொல்லில் உள்ள ‘திருத்தம்’ என்பதைக் கொண்டு, கருவியைத் திருகிச் சரிசெய்தல் என்று பொருள் கொள்ளலாகாது. அளவுத்திருத்தத்தில் கருவி இருந்தவாறே இருக்கும். அது காட்டும் அளவுக்கும் உண்மை அளவுக்கும் உள்ள வேறுபாடு கண்டறியப்பட்டு எழுதப்படும். திருத்தப்படுவது நம் கணக்கே. கருவியைச் சரிசெய்தல் வேறு செயல். அதனைச் செய்தால் மீண்டும் அளவுத்திருத்தம் செய்தல் வேண்டும்.

2. மூவகை உணர்கருவிகள்

(அ) பிளாட்டினத் தடை வெப்பமானி. உலோகங்களின் மின்தடை வெப்பநிலையோடு மாறுவதை ஹம்ப்ரி டேவி 1821-இல் எடுத்துரைத்தார். பிளாட்டினக் கம்பியைக் கொண்டு வெப்பமானி செய்யலாம் என்பதை 1871-இல் வில்லியம் சீமென்ஸ் விளக்கினார். கம்பியைக் களிமண் உருளையில் சுற்றி அவர் அமைத்த கருவியைப் பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் குழு ஒன்று ஆராய்ந்து, மிகுந்த வெப்பத்துக்கு உட்பட்ட பின் அதன் மின்தடை பழைய அளவுக்குத் திரும்பவில்லை என 1874-இல் அறிவித்தது. இதனால் இம்முறையே பயனற்றது என்னும் எண்ணம் பரவிற்று. 1887-இல் ஹியூ காலண்டர், குற்றம் பிளாட்டினத்தினுடையது அன்று என நிறுவினார். தூய கம்பியை மாசு படாமலும், இழுவிசைக்கு உட்படாமலும் வைத்தால் அதன் மின்தடை வியக்கத்தக்க உறுதியுடன் இருப்பதை அவர் காட்டினார். கருவியின் முதற்பண்பு நிலைபேறு என்பதை இவ்வரலாறு கற்பிக்கின்றது. பிழை நிலையாக இருப்பின் கணக்கிற் கழித்துவிடலாம். நாளுக்கு நாள் மாறும் பிழையைக் கழித்தல் இயலாது.

இன்று தொழிற்சாலைகளிற் பெரிதும் வழங்குவது, 0 டிகிரியில் 100 ஓம் தடையுடைய வகையாகும். பன்னாட்டு மின்நுட்ப ஆணையத்தின் தரவரையறைப்படி, 0 டிகிரிக்கு மேல் அதன் தடை பின்வரும் சமன்பாட்டைத் தழுவும்:

த = 100 (1 + அ வெ − ஆ வெ²)

இதில் த என்பது ஓமில் தடை; வெ என்பது டிகிரியில் வெப்பநிலை; அ = 0.0039083; ஆ = 0.0000005775. 100 டிகிரியில் தடை 138.51 ஓம் ஆகும். 0 டிகிரியை அடுத்து, ஒரு டிகிரிக்கு 0.39 ஓம் மாற்றம் நிகழும். கடையில் வாங்கும் உணர்கருவி இச்சமன்பாட்டோடு முற்றும் பொருந்தும் என எதிர்பார்த்தல் கூடாது. இரண்டாந்தர வகைக்கு 0 டிகிரியில் 0.3 டிகிரியும், 100 டிகிரியில் 0.8 டிகிரியும் முன்பின்னாக இருக்கத் தரவரையறையே இடம் தருகிறது.

(ஆ) வெப்பமின் இரட்டை. இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்துச் சுற்றாக்கி, ஓர் இணைப்பைச் சூடாக்கினால் அருகிலுள்ள காந்தஊசி விலகுவதைத் தாமஸ் சீபெக் 1821-இல் கண்டார். அதனைக் காந்த விளைவு என அவர் கருதினார். மின்னோட்டமே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. குரோமல், அலுமல் என்னும் கலப்புலோகக் கம்பிகளால் ஆன இரட்டை, ஓர் இணைப்பு 0 டிகிரியிலும் மற்றொன்று 100 டிகிரியிலும் இருக்கையில் 4.096 மில்லி வோல்ட் தரும். பிளாட்டினமும் 10 விழுக்காடு ரோடியம் கலந்த பிளாட்டினமும் சேர்ந்த இரட்டை, அதே நிலையில் 0.646 மில்லி வோல்ட்டே தரும். எனினும் 1000 டிகிரியைக் கடந்தும் உழைக்கவல்லது.

இக்கருவி காட்டுவது இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டை மட்டுமே என்பதை மறத்தலாகாது. 200 டிகிரி உலையில் குரோமல்–அலுமல் இரட்டை இருப்பதாகவும், அதன் மறுமுனை 30 டிகிரி அறையில் இருப்பதாகவும் கொள்க. அட்டவணைப்படி 200 டிகிரிக்கு 8.138 மில்லி வோல்ட். 30 டிகிரிக்கு 1.203 மில்லி வோல்ட். ஆகவே அளவி காட்டுவது 6.935 மில்லி வோல்ட். இதனை நேரே அட்டவணையிற் பார்ப்பவர் உலை 170 டிகிரியில் இருப்பதாக முடிவு செய்வார். அறைமுனைக்குரிய மின்னழுத்தத்தைக் கூட்டிய பின்னரே அட்டவணையைப் பார்த்தல் முறை.

(இ) தெர்மிஸ்டர். வெப்பம் மிகும்போது வெள்ளி சல்பைடின் மின்தடை குறைவதை மைக்கேல் ஃபாரடே 1833-இல் கண்டார். உலோக ஆக்சைடுகளால் ஆகிய தெர்மிஸ்டரின் இயல்பும் இதுவே. அறை வெப்பநிலையில் டிகிரிக்கு ஏறத்தாழ 4 விழுக்காடு தடை குறையும். பிளாட்டினத்தின் மாற்றத்தைப்போல் இது பத்து மடங்காகும். ஆயின் தடைக்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பு நேர்கோடு அன்று. இதற்கென ஸ்டைன்ஹார்ட், ஹார்ட் ஆகியோர் 1968-இல் தந்த சமன்பாடு இன்றும் வழங்குகிறது. அதில் மூன்று மாறிலிகள் உள்ளமையால், மூன்று வெப்பநிலைகளிலேனும் தெர்மிஸ்டரை ஒப்பிட்டாக வேண்டும்.

3. அறிந்த வெப்பநிலை எங்கே கிடைக்கும்?

ஒப்பிடுவதற்கு நிலையான படிகளை இயற்கையே அளித்துள்ளது. தூய பொருள் உருகும்போதும் உறையும்போதும், அம்மாற்றம் முடியும்வரை வெப்பநிலை மாறாது நிற்கும். 1990-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு வெப்பநிலை அளவுகோல் இத்தகைய நிலைப்புள்ளிகளின்மீது அமைந்தது. அவற்றுட் சில வருமாறு:

பாதரசத்தின் மும்மைப் புள்ளி: −38.8344 டிகிரி
நீரின் மும்மைப் புள்ளி: 0.01 டிகிரி
காலியத்தின் உருகுநிலை: 29.7646 டிகிரி
வெள்ளீயத்தின் உறைநிலை: 231.928 டிகிரி
துத்தநாகத்தின் உறைநிலை: 419.527 டிகிரி
வெள்ளியின் உறைநிலை: 961.78 டிகிரி

மும்மைப் புள்ளி என்பது திண்மம், நீர்மம், ஆவி ஆகிய மூன்றும் ஒருங்கே சமநிலையில் நிற்கும் வெப்பநிலை. காற்று நீக்கி மூடிய கண்ணாடிக் கலத்தில், தூய நீரைக் கொண்டு நீரின் மும்மைப் புள்ளி உண்டாக்கப்படுகிறது. புள்ளிகளுக்கு இடைப்பட்ட வெப்பநிலைகளை, வெள்ளியின் உறைநிலை வரை, தரப் பிளாட்டின வெப்பமானி காட்டும். 2019-ஆம் ஆண்டு மே 20 முதல் கெல்வின் என்னும் அலகு போல்ட்ஸ்மன் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. எனினும் ஆய்வுக்கூடங்களின் அன்றாட அளவுத்திருத்தம் முன்போலவே 1990-ஆம் ஆண்டு அளவுகோலைத் தழுவி நடைபெறுகிறது.

நம் நாட்டில் இவ்வளவுகோலை நிலைநிறுத்தும் பொறுப்பு புதுடில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்தது. 1947 சனவரியில் அடிக்கல் நாட்டப்பெற்று, 1950 சனவரியில் திறக்கப்பெற்ற அவ்வாய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் கே. எஸ். கிருஷ்ணன் ஆவார். அங்கு ஒப்பிடப்பெற்ற வெப்பமானியோடு ஓர் அளவுத்திருத்த ஆய்வுக்கூடம் தன் வெப்பமானியை ஒப்பிடும். அதனோடு தொழிற்சாலை தன் கருவியை ஒப்பிடும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், கடைசிக் கருவியின் எண்ணுக்கு ஆதாரம் இல்லாது போகும்.

4. பனிக்கட்டித் தொட்டி

உயர்ந்த கலங்கள் இல்லாத இடத்திலும் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. அது பனிக்கட்டித் தொட்டி. தூய நீரும் பனிக்கட்டியும் வளிமண்டல அழுத்தத்தில் சமநிலையில் நிற்கும் வெப்பநிலை 0 டிகிரி. முறையாகச் செய்தால் இதனை நூற்றில் ஒரு பங்கு டிகிரிக்குள் பெறலாம். முறை தவறினால் இரண்டு மூன்று டிகிரிப் பிழையும் நேரும்.

காய்ச்சி வடித்த நீரில் உறையவைத்த கட்டியைப் பொடியாக்கி, வெப்பம் புகாத குடுவையில் அடி முதல் வாய் வரை நிரப்புக. இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும், முன்பே குளிரவைத்த வடிநீரை ஊற்றுக. பொடி வெண்மை மாறி நீர் ஊறியதாகத் தோன்றுதல் வேண்டும். ஆனால் நீரில் மிதக்கலாகாது. மிதக்கும் நிலையில், அடியில் தங்கும் நீரின் வெப்பநிலை 4 டிகிரி வரை ஏறக்கூடும். நீர் மிக அடர்த்தியாக இருப்பது அந்த வெப்பநிலையிலேயே. பலர் உணர்கருவியை வைப்பதும் அந்த அடிப்பகுதியிலேதான். கட்டியில் உப்போ பிற மாசோ கலந்திருப்பின் உருகுநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கும். ஆதலின் கடைத்தெருப் பனிக்கட்டி இதற்கு உதவாது.

கொதிநீரை இவ்வாறு எளிதிற் பயன்படுத்த இயலாது. 760 மில்லி மீட்டர் பாதரச அழுத்தத்திற்றான் நீர் ஏறத்தாழ 100 டிகிரியிற் கொதிக்கும். அழுத்தம் 1 மில்லி மீட்டர் குறைந்தால் கொதிநிலை 0.037 டிகிரி குறையும். கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் அது 97 டிகிரி அளவிலேயே உள்ளது. பாரமானி இன்றி இதனைக் கையாளுதல் தவறு.

5. ஒப்பீட்டுத் தொட்டியும் ஓர் எடுத்துக்காட்டும்

பிற வெப்பநிலைகளில் ஒப்பிட, கலக்கியுடன் கூடிய நீர்மத்தொட்டி வேண்டும். அளவுத்திருத்தம் பெற்ற தர வெப்பமானியையும் சோதனைக்குரிய உணர்கருவியையும் ஒரே ஆழத்தில் அருகருகே நிறுத்தி, வெப்பநிலை நிலைபெறும்வரை காத்திருத்தல் வேண்டும். அளவுகளைத் தரமானி, உணர்கருவி, உணர்கருவி, தரமானி என்னும் வரிசையிற் குறித்தல் நன்று. தொட்டியின் வெப்பநிலை மெல்ல ஏறினாலும் இறங்கினாலும், சராசரி காண்கையில் அவ்வேறுபாடு நீங்கிவிடும். பெரிய வெப்பநிலை முடிந்த பின் மீண்டும் பனிக்கட்டித் தொட்டிக்கு வந்து, முதல் அளவே கிடைக்கின்றதா எனப் பார்த்தல் இன்றியமையாதது. சீமென்ஸ் கருவியின் குறையை வெளிப்படுத்தியது இத்தகைய சோதனையே.

நான்கு கம்பி இணைப்புடைய ஒரு 100 ஓம் உணர்கருவிக்கு, விளக்கத்தின் பொருட்டு அமைத்த அளவுகள் வருமாறு:

0 டிகிரி: அளந்தது 100.04 ஓம், சமன்பாட்டின்படி 100.00, திருத்தம் −0.10 டிகிரி
10 டிகிரி: அளந்தது 103.95, சமன்பாட்டின்படி 103.90, திருத்தம் −0.13
20 டிகிரி: அளந்தது 107.85, சமன்பாட்டின்படி 107.79, திருத்தம் −0.15
30 டிகிரி: அளந்தது 111.73, சமன்பாட்டின்படி 111.67, திருத்தம் −0.15
மீண்டும் 0 டிகிரி: அளந்தது 100.04 ஓம்

ஓம் வேறுபாட்டை 0.39-ஆல் வகுத்துத் திருத்தம் பெறப்பட்டது. முதலும் முடிவும் ஒத்திருத்தலின் கருவி நிலைபேறுடையது எனலாம். குளிர்பதனப் பெட்டியில் இது 5.0 டிகிரி எனக் காட்டினால், உண்மை வெப்பநிலை 4.9 டிகிரி ஆகும்.

6. பிழைகள் தோன்றும் இடங்கள்

இணைப்புக் கம்பிகள். தொடக்கத்திற் கூறிய குளிர்பதனப் பெட்டியில் நேர்ந்திருக்கக்கூடிய பிழை இதுவே. 100 ஓம் உணர்கருவியை இரு மெல்லிய செப்புக் கம்பிகளால் இணைத்திருப்பதாகவும், அவற்றின் தடை சேர்ந்து 1 ஓம் எனவும் கொள்க. அளவி அந்த 1 ஓமையும் உணர்கருவியினது எனவே கணக்கிடும். காட்டும் எண் 2.6 டிகிரி மிகையாகும். உள்ளே −0.6 டிகிரி நிலவுகையில் முகப்பில் 2.0 எனத் தோன்றும். பணியாளர் நாள்தோறும் 2.0 எனப் பதிவேட்டில் எழுதிவருவார். உள்ளே மருந்து உறையும் அபாயத்தில் இருக்கும். ஒரு முறை பனிக்கட்டித் தொட்டியில் வைத்துப் பார்த்திருந்தால், 0 டிகிரிக்குப் பதில் 2.6 எனக் காட்டி இக்கருவி தன் பிழையைத் தானே கூறியிருக்கும்.

இந்த 1 ஓமை ஒரு முறை கழித்துவிட்டால் போதாதோ எனின், முற்றும் போதாது. செம்பின் தடையும் வெப்பநிலையோடு மாறுவதே. அறை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறினால் கம்பிகளின் தடை 0.08 ஓம் கூடி, 0.2 டிகிரிப் பிழை மீண்டும் புகும். நான்கு கம்பி முறையே இதற்கு முழுத் தீர்வு. மின்னோட்டம் ஓரிணைக் கம்பியிற் செல்ல, மின்னழுத்தம் மற்றோரிணையால் அளக்கப்படும். மாறாக, 10,000 ஓம் தெர்மிஸ்டரில் ஒரு டிகிரிக்கு 400 ஓம் மாற்றம் இருத்தலின், 1 ஓம் கம்பித்தடையால் நேரும் பிழை 0.0025 டிகிரியே. குறுகிய வெப்பநிலை எல்லையில் தெர்மிஸ்டர் விரும்பப்படுவதற்கு இஃது ஒரு காரணம்.

தன்வெப்பம். தடையை அளக்க மின்னோட்டம் செலுத்தியாக வேண்டும்; அம்மின்னோட்டமே உணர்கருவியைச் சிறிது சூடாக்கும். 100 ஓமில் 1 மில்லி ஆம்பியர் செலுத்தினால் வெளிப்படும் திறன் 0.1 மில்லி வாட். 5 மில்லி ஆம்பியர் செலுத்தினால் 2.5 மில்லி வாட். முதலில் 1 மில்லி ஆம்பியரிலும், பின்னர் 1.414 மில்லி ஆம்பியரிலும் அளந்து பார்க்க. இரண்டாவதில் திறன் இரட்டிப்பாவதால், இரு அளவுகளின் வேறுபாட்டை முதல் அளவிலிருந்து கழித்தால் மின்னோட்டமே இல்லாத நிலைக்குரிய அளவு கிடைக்கும்.

ஆழக் குறைவு. உணர்கருவியின் தண்டு வழியே வெளிவெப்பம் உள்ளே பாயும். கருவியை மேலும் சில சென்டிமீட்டர் ஆழ்த்திப் பார்த்து, அளவு மாறாதிருந்தால் முன்பிருந்த ஆழம் போதுமானது என அறியலாம்.

கம்பியின் சீரின்மை. வெப்பமின் இரட்டையில் மின்னழுத்தம் தோன்றுவது இணைப்புமுனையில் அன்று. வெப்பநிலை மாறிச் செல்லும் கம்பிப் பகுதியிலேயே. உலைச் சுவரைக் கடக்கும் பகுதியில் கம்பி மாசுற்றோ மடிந்தோ இருந்தால் பிழை உண்டாகும். நெடுநாள் உலையில் உழைத்த இரட்டையை வெளியே எடுத்து, வேறொரு தொட்டியில் வேறு ஆழத்தில் வைத்துச் சோதித்தால், உலையில் அது செய்யும் பிழை அங்குத் தோன்றாமலே போகலாம். ஆதலின் அத்தகைய இரட்டையை உலையிலேயே வைத்து, புதிய தர இரட்டையோடு ஒப்பிடுதல் தக்கது.

7. சான்றிதழும் ஐயப்பாட்டு எல்லையும்

அளவுத்திருத்தச் சான்றிதழில் திருத்தத்தோடு ஐயப்பாட்டு எல்லையும் இருத்தல் வேண்டும். மேற்கூறிய எடுத்துக்காட்டில் தரமானியால் 0.02, தொட்டியின் சீரின்மையால் 0.03, தடை அளவியால் 0.02, காலப்போக்கில் நேரும் நகர்வால் 0.02 டிகிரி என மதிப்பிட்டதாகக் கொள்வோம். ஒன்றையொன்று சாராத இவற்றை நேரே கூட்டாது, ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் காண்க. விடை ஏறத்தாழ 0.046. இதனை இரட்டித்தால் 0.09 டிகிரி. ஆகவே, திருத்திய அளவு 4.9 டிகிரி எனின், உண்மை வெப்பநிலை 4.8-க்கும் 5.0-க்கும் இடையே உள்ளது என்பதை நூற்றுக்கு 95 அளவில் நம்பலாம். ஐயத்தின் எல்லையை வெளிப்படக் கூறுவது குறைபாடன்று. அந்த எண்ணைப் பயன்படுத்துவோர்க்கு அளிக்கும் உறுதிமொழியே அது.

சான்றிதழ் கருவி சோதிக்கப்பட்ட நாளின் நிலையை மட்டுமே உரைக்கும். மறுநாள் கருவி கீழே விழலாம்; ஈரம் புகலாம்; இணைப்புகள் துருவேறலாம். ஆகவே அடுத்த சோதனைக்குரிய நாள்வரை வாளாவிராது, இடையிடையே பனிக்கட்டித் தொட்டியில் வைத்துப் பார்த்து, கிடைத்த அளவை நாளுடன் குறித்துவருதல் வேண்டும். ஒரு குடுவையும், வடிநீரும், அரைமணி நேரப் பொறுமையுமே இதற்குத் தேவை. அவ்வாறு எழுதப்பெற்ற சிறு பதிவேடே, தடுப்பு மருந்துப் பெட்டியின் முகப்பில் தோன்றும் எண்ணை நம்பத்தக்கதாக்குகிறது.

பயிற்சி வினாக்கள்

1. இரு கம்பி இணைப்புடைய 100 ஓம் உணர்கருவியில் கம்பித்தடை 0.4 ஓம். பனிக்கட்டித் தொட்டியில் அது எவ்வளவு காட்டும்? (விடை: ஏறத்தாழ 1.0 டிகிரி.)

2. குரோமல்–அலுமல் இரட்டையின் அறைமுனை 25 டிகிரியில் உள்ளது. அதற்குரிய மின்னழுத்தம் 1.000 மில்லி வோல்ட். அளவி 3.096 மில்லி வோல்ட் காட்டுகிறது. சூடான முனையின் வெப்பநிலை யாது? (விடை: 100 டிகிரி.)

3. ஓர் உணர்கருவி பனிக்கட்டித் தொட்டியில் முதலில் 100.04 ஓமும், 30 டிகிரியில் வைத்தெடுத்த பின் 100.12 ஓமும் காட்டியது. இதற்குத் திருத்த அட்டவணை எழுதலாமா? (விடை: எழுதலாகாது. 0.2 டிகிரி நகர்ந்துள்ளமையின் கருவி நிலைபேறற்றது. முதலில் காரணத்தைக் கண்டறிதல் வேண்டும்.)